கல்விக்கு வந்த காசும் கல்வியால் வந்த காசும்

மும்பாய்–பெங்களூர்ப் பெருவழியில் வாக்கட் சந்திப்பை அடைந்து மேற்கே திரும்பினால், புனே ஜில்லாவின் முளசி தாலுகாவைச் சேர்ந்த ஹிஞ்சேவாடி என்ற கிராமம் வரும். கிராமம் என்று சொன்னால் இன்று அங்கே போகிறவர்கள் நம்பமாட்டார்கள். நம்மூர்களிலிருந்து பிழைப்புக்காகச் சென்று குடியேறிய இளைஞர்களுக்கு அது முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று எண்ணிட்டு அழைக்கப்படும் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவாகத்தான் தெரியும். ஆயினும் கிராம தெய்வமான மாதோபாவின் கோயிலும் சைத்ர மாதத்து யாத்திரையும் இன்றும் உண்டு. கண்ணாடி மாளிகைகள் எழுந்து, அவற்றின் வாசலில் லட்சக்கணக்கானோர் வந்துபோகத் தொடங்கிய பிறகும், நெடுங்காலம் ஊரை ஆண்டது ஒரு கிராமப் பஞ்சாயத்துத்தான்.

அந்த நிலத்தில் முதலில் எழவிருந்தது ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. அதற்கு அடிக்கல் நாட்ட அழைக்கப்பட்ட மஹாராஷ்டிர அரசியல் தலைவர் சரத் பவார், ஆலையை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள், இந்த இடம் கணினித் தொழிலுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டதாக அவரே பொதுமேடைகளில் விவரித்திருக்கிறார். கரும்பு போய்க் கணினி வந்த கதை அது. ஆனால் மஹாராஷ்டிரத்தில் கரும்பை ஆண்டவர்களே கல்வியையும் ஆண்டார்கள் என்பதையும், அந்த ஆட்சியின் நிழல் ஹிஞ்சேவாடியின் பள்ளிக்கூடங்கள்மீதும் விழுந்திருக்கிறது என்பதையும் அறிந்தால்தான் இந்தக் கதை முழுமை பெறும்.

இந்த ஊர் எல்லைக்குள் இரண்டு விதமான பள்ளிக்கூடங்கள் உண்டு. ஒன்று, 1998-இல் ஒரு ஜெர்மானிய மோட்டார்க் கம்பெனியின் பெயரோடு தோன்றி, 2018-இல் மஹிந்திரா என்ற பெயருக்கு மாறி, பூங்காவின் முதல் கட்டத்திலேயே நடக்கும் சர்வதேசப் பள்ளி. மற்றொன்று, மராத்தி வழியில் போதித்து, சர்க்கார் பாடநூல் ஸ்தாபனமான பாலபாரதி அச்சிட்ட புத்தகங்களை இலவசமாகக் கொடுத்து, மத்தியானம் கிச்சடி போடும் ஜில்லா பரிஷத் பள்ளி. மாளிகை கட்ட வந்த கூலிகளின் குழந்தைகளும் பழைய குடியானவர்களில் கைவறண்டவர்களின் குழந்தைகளும் படிப்பது இந்த இரண்டாவதில். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் சில பர்லாங்குகள்தான் என்றாலும், அந்தத் தூரம் உண்டானதற்கு இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது.

பேஷ்வாக்களின் காலத்தில் புனேயில் வித்தையின்பொருட்டு ராஜாங்கம் செலவிட்ட பெருந்தொகை, வருஷந்தோறும் பிராமண பண்டிதர்களுக்குக் கூட்டங்கூட்டமாக வழங்கப்பட்ட தக்ஷிணையாகும். 1818-இல் ஆட்சி கைமாறியபோது, ஆங்கிலேயர் அதை அடியோடு நிறுத்த அஞ்சி, அந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1821-இல் விஸ்ராம்பாக் மாளிகையில் ஸம்ஸ்கிருத பாடசாலை ஒன்றை ஏற்படுத்தினார்கள். குடியானவன் செலுத்திய தீர்வை, அவன் வாசல்கூட மிதிக்கமுடியாத ஒரு பாடசாலைக்குப் போயிற்று. இந்த அநீதியைக் கண்டு சினந்தவர் ஜோதிராவ் புலே. 1848-இல் புதவார் பேட்டையின் பிடே வாடாவில், மனைவி ஸாவித்திரிபாயின் துணையோடு பெண்களுக்குப் பள்ளி வைத்த அவர், 1882-இல் கல்வி நிலையை ஆராய சர்க்கார் நியமித்த ஹண்டர் கமிஷன் முன் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். சர்க்காருக்கு வரும் வருமானம் பெரும்பாலும் உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது. அதிலிருந்து செய்யப்படும் கல்விச் செலவோ உயர்ந்த வகுப்பாரின் உயர்தரப் படிப்புக்குப் போகிறது. மேலே ஊற்றினால் கீழே வடியும் என்பது நடவாத காரியம். பன்னிரண்டு வயதுவரை ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்குங்கள் என்பது அதன் சாரம். பொதுப் பணம் யாருடையது, யாருக்குப் போகிறது என்ற கேள்வியை இந்தப் பிரதேசத்தில் இவ்வளவு தெளிவாக அவருக்கு முன் யாரும் எழுப்பியதில்லை.

கமிஷனோ, ஆரம்பப் பள்ளிகளை ஸ்தல ஸ்தாபனங்களிடம் விட்டுவிட்டு, அதற்கு மேற்பட்ட கல்வியில் சர்க்கார் மானியம் கொடுத்துத் தனியார் முயற்சியை வளர்க்கவேண்டும் என்று சொல்லிற்று. அம்முயற்சிக்கு முன்மாதிரி புனேயிலேயே இருந்தது. 1880-இல் விஷ்ணு சாஸ்திரி சிப்ளூங்கர், பால கங்காதர திலகர் முதலியோர் தொடங்கிய நியூ இங்கிலீஷ் ஸ்கூல், விரைவில் அகர்கரும் வந்து சேர, 1884-இல் டெக்கான் எஜுகேஷன் ஸொஸைட்டியாகவும், 1885-இல் பெர்குஸன் கல்லூரியாகவும் வளர்ந்தது. இதன் ஆயுட்கால உறுப்பினராகச் சேர்கிறவர் சொற்ப வேதனத்தில், மாதம் 75 ரூபாய் அளவில், இருபது வருஷம் உழைப்பதாக வாக்குக் கொடுக்கவேண்டும். பட்டம் பெற்றவர்களுக்கு சர்க்கார் உத்தியோகம் வாசலில் காத்திருந்த அந்நாளில், இது சந்நியாசத்துக்கு அடுத்த படி.

இந்தத் தியாக ஸ்தாபனம் பத்தே ஆண்டுகளில் உடைந்தது எதனால் என்பது இன்று பலர் மறந்துவிட்ட செய்தி. சமூக சீர்திருத்தத்தில் திலகருக்கும் அகர்கருக்கும் இருந்த கருத்து வேற்றுமையையே பெரும்பாலோர் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதி பணம். உறுப்பினர்களின் வேதனத்தை உயர்த்தலாமா, ஓய்வு வேளையில் அவர்கள் வெளியே உழைத்துப் பொருள் ஈட்டலாமா, வேறு பொது ஸ்தாபனங்களில் பதவி வகிக்கலாமா என்ற விவாதங்கள் நிர்வாகக் கூட்டங்களில் வருஷக்கணக்கில் நடந்தன. ஜெஸூட் பாதிரிமாரைப்போல முழுமனத்தையும் முழுநேரத்தையும் பள்ளிக்கே தரவேண்டும், வெளி வருமானம் என்ற வாசலைத் திறந்துவிட்டால் ஸ்தாபனத்தின் உயிரே போய்விடும் என்பது திலகர் கட்சி. குடும்பம் உள்ளவர்கள் காலத்துக்கேற்ப வாழவேண்டாமா என்பது மற்றவர் கட்சி. 1890-இல் உறுப்பினர்களில் ஒருவரான கோகலே, ஸார்வஜனிக ஸபை என்ற பொது ஸ்தாபனத்தின் காரியதரிசிப் பொறுப்பை ஏற்றபோது சச்சரவு முற்றியது. அவ்வருஷ முடிவில் திலகர் மிக நீண்ட ராஜினாமாக் கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூறுவது இங்கே நோக்கமன்று. வெளியேற மறுத்த கோகலே 1902 வரையில் அந்தச் சிறு வேதனத்திலேயே போதித்துத் தம் வாக்கை நிறைவேற்றினார். பின்னர் 1911-இல் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கும் மசோதாவை ஏகாதிபத்தியச் சட்டசபையில் கொண்டுவந்து, 1912-இல் 38-க்கு 13 என்ற கணக்கில் தோற்றார். கவனிக்கவேண்டியது வேறு: மாதம் சில ரூபாய் உபரி வருமானம் கூடுமா கூடாதா என்பதற்காக நண்பர்கள் பிரிந்துபோகும் அளவுக்குக் கல்வியில் லாபம் என்பதைப்பற்றி ஒரு கூச்சம் அன்று இருந்தது. அந்தக் கூச்சம் எப்போது போயிற்று என்பதே மீதிச் சரித்திரம்.

அது பாவுராவ் பாட்டீல் காலத்தில் போகவில்லை. கிர்லோஸ்கர் கலப்பை விற்றுக் கிராமம் கிராமமாகச் சுற்றிய அந்த ஜைன குடும்பத்து மனிதர், குடியானவர் வீடுகளின் அறியாமையை நேரில் கண்டவர். 1919-இல் கராட் அருகிலுள்ள காலே கிராமத்தில் அவர் தொடங்கிய ராயத் சிக்ஷண ஸம்ஸ்தை 1924-இல் ஸாதாராவுக்கு வந்தது. எல்லா ஜாதிப் பையன்களும் ஒரே பந்தியில் உண்டு, கல்லுடைத்தும் வயலில் உழைத்தும் தங்கள் படிப்புக்குத் தாங்களே சம்பாதித்துக்கொண்ட அந்த விடுதிக்கு 1927-இல் காந்தியடிகள் வந்தார். தானியம் இல்லாத ஒரு சமயத்தில் பாவுராவின் மனைவி லக்ஷ்மிபாய் தம் மங்கலசூத்திரத்தையும் கழற்றிக் கொடுத்தார் என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைகளும் அறிந்த செய்தி. இங்கே பணம் போன திசை ஒன்றுதான்: வீட்டிலிருந்து பள்ளிக்கு.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தத் திசை திரும்பத் தொடங்கியது. ஆனால் உடனே அல்ல, கெட்ட எண்ணத்தோடும் அல்ல. 1950-இல் விட்டல்ராவ் விகே பாட்டீல், புனேயின் கோகலே ஸ்தாபனத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் தனஞ்சயராவ் காட்கிலின் துணையோடு, பிரவராவில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை ஓடவைத்தார். அதைப் பார்த்து ஜில்லாவுக்கு ஜில்லா ஆலைகள் எழுந்தன. ஆலையைச் சுற்றி வங்கியும், ஆஸ்பத்திரியும், பள்ளியும், கல்லூரியும் எழுந்தன. கரும்பு விற்ற குடியானவனின் கணக்கிலிருந்து டன்னுக்கு இத்தனை என்று பிடித்த தொகை கல்விக்கும் போயிற்று. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த ஆயிரமாயிரம் பிள்ளைகள் அதனால் உயர்ந்தார்கள் என்பதை மறைப்பது நன்றிகெட்டதனம். ஆனால் ஆலைத் தலைவரே சட்டசபை உறுப்பினர், அவரே கல்வி ஸ்தாபனத் தலைவர் என்றாகி, பள்ளியின் உபாத்தியாயர்கள் தேர்தல் காலத்தில் அவருடைய சேனையாயினர். மேற்சபையில் உபாத்தியாயர்களுக்கென்றே ஏழு தொகுதிகளும் பட்டதாரிகளுக்கென்று ஏழு தொகுதிகளும் உள்ள ராஜ்யத்தில், பள்ளிக்கூடத்துக்கு வெளியே அரசியல் நிற்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. 1962 மே முதல் தேதி ஜில்லா பரிஷத்துகள் தோன்றி, கிராமப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கைக்கு வந்தன. அதிகாரப் பரவல் என்ற வகையில் அது உயர்ந்த காரியம். உபாத்தியாயர்களின் இடமாற்றம் சிபாரிசுக் கடிதங்களின் விவகாரமானதும் அதே வாசல் வழியாகத்தான்.

1983-இல் முதன்மந்திரியாயிருந்த வசந்ததாதா பாட்டீல், சாங்கிலியில் சர்க்கரைக் கூட்டுறவை எழுப்பியவர், மானியமின்றித் தனியார் பொறியியல் கல்லூரிகள் நடத்த அநுமதி கொடுத்தார். நம் பிள்ளைகள் ஏன் கர்நாடகத்துக்குப் போய்ப் பணம் கட்டவேண்டும், சர்க்காரிடமோ கல்லூரி கட்டப் பொருள் இல்லை என்பது அவர் நியாயம். அடுத்த வருஷமே எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாட்டிலும் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததை நினைத்தால், இது ஒரு ராஜ்யத்தின் தனிக் கதையன்று என்பது புலப்படும். புனேயைச் சுற்றிலும் இடங்கள் நிரம்பின. 1964-இல் பாரதி வித்யாபீடத்தைத் தொடங்கிய பதங்ராவ் கதம் பின்னாளில் மந்திரியானார். சட்டசபை உறுப்பினராயிருந்த டி. ஒய். பாட்டீல் கல்வி ஸ்தாபனங்களை எழுப்பிப் பின்னர் கவர்னரானார். சர்க்கரைச் சக்கரவர்த்திகள் என்று சொன்ன ஜனங்கள் கல்விச் சக்கரவர்த்திகள் என்றும் சொல்லலானார்கள். இடத்துக்கு விலை வைக்கும் வழக்கம் பெருகவே, நன்கொடை வசூலைத் தடுக்கச் சட்டம் ஒன்று 1987-இல் போடப்பட்டது. 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் ஆயம், கல்வி நடத்துவதும் ஒரு தொழிலே, வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை லாபம் கூடாது என்று எல்லை வகுத்தது. உபரி எங்கே முடிகிறது, லாபம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கணக்கப்பிள்ளைகளே அறிவார்கள்.

பெரிய கல்லூரிகளின் கதையில் பள்ளிக்கூடங்களின் துயரம் மறைந்துபோகிறது. சர்க்கார் சம்பளம் கொடுக்கும் மானியப் பள்ளிகளிலும் உபாத்தியாயரைத் தேர்ந்தெடுப்பது நெடுநாள் நிர்வாகத்தின் கையில் இருந்தது; சம்பளம் பொதுப் பணம், நியமனம் தனி உரிமை என்ற இந்த ஏற்பாட்டில் எத்தனை கைகள் நனைந்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. 2001-இல், இனி வரும் பள்ளிகள் நிரந்தரமாக மானியமற்றவை என்று சர்க்கார் விதித்தது. 2009-இல் ‘நிரந்தரமாக’ என்பதை நீக்கிற்று. இடையில் ஏற்பட்ட பள்ளிகளில், ஒரு நாள் மானியம் வரும் என்ற நம்பிக்கையில், சம்பளமே இல்லாமலும் பெயரளவுச் சம்பளத்திலும் வருஷக்கணக்கில் போதித்தவர்கள் உண்டு; அவர்கள் மும்பாய் ஆஸாத் மைதானத்தில் உட்கார்ந்து போராடியபோதெல்லாம் இருபது சதவிகிதம், நாற்பது சதவிகிதம் என்று மானியம் தவணை தவணையாக வந்தது. 2021-இல் புனே போலீஸார் ஆசிரியர் தகுதித் தேர்வில் நடந்த மோசடியைக் கண்டுபிடித்தார்கள். பணம் கொடுத்துத் தேறியதாகக் குறிக்கப்பட்டோர் 7,800-க்கும் மேற்பட்டவர்கள். புலே பள்ளி வைத்த நகரத்தில், உபாத்தியாயர் பதவியே சந்தைச் சரக்காயிற்று.

ஹிஞ்சேவாடி செழித்த காலம் இதே காலம். நிலம் விற்றவர் கையில் பணமும், வந்து குடியேறியவர் கையில் சம்பளமும் புரண்டபோது, ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது இயற்கை. 2012-இல் சுயநிதிப் பள்ளிகளுக்கென ஒரு சட்டம் வந்தது. அதன்படி டிரஸ்டு, சங்கம் முதலிய லாபநோக்கற்ற ஸ்தாபனங்கள் பள்ளி வைக்கலாம். 2017 டிசம்பரில் நாகபுரிக் கூட்டத்தொடரில் செய்யப்பட்ட திருத்தம், கம்பெனிச் சட்டப்படி பதிவான எந்தக் கம்பெனியும் பள்ளி வைக்கலாம் என்று கதவை அகலத் திறந்தது. அதே பருவத்தில், பத்துப் பிள்ளைகளுக்கும் குறைவான ஏறக்குறைய 1,300 சர்க்கார் பள்ளிகளை மூடி வேறு பள்ளிகளோடு சேர்க்கும் முடிவும் வந்தது. 2023 செப்டம்பரில் இரண்டு உத்தரவுகள். இருபதுக்கும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளைத் திரட்டித் தொகுப்புப் பள்ளிகளாக்கலாம் என்பது ஒன்று. அதற்கு மாதிரியாகக் காட்டப்பட்டது புனேயை அடுத்த பான்ஷேத். கம்பெனிகளும் கொடையாளிகளும் சர்க்கார் பள்ளிகளைத் தத்தெடுக்கலாம் என்பது மற்றொன்று. தத்தெடுப்புக்கு விலைப் பட்டியலே இருந்தது: பெருநகரசபைப் பள்ளியாயின் ஐந்து வருஷத்துக்கு 2 கோடி, பத்து வருஷத்துக்கு 3 கோடி, கிராமப் பள்ளியாயின் 50 லட்சம், 1 கோடி. ரொக்கமாக அல்ல, பொருளாகவும் சேவையாகவும் தரவேண்டும். தந்தவர் விரும்பினால் பள்ளிக்குத் தம் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகள் தம் லாபத்தில் 2 சதவிகிதத்தைப் பொதுநலத்துக்குச் செலவிடவேண்டும் என்று 2013-இன் சட்டம் ஏற்கெனவே விதித்திருக்க, அந்தக் கடமையே இங்கே பெயர்ப் பலகையாக மாறிற்று.

மிகத் துணிகரமான காரியம் அடுத்த வருஷம் நடந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கச் சொல்லுகிறது. அதற்குரிய தொகையை சர்க்கார் பள்ளிகளுக்குக் கொடுக்கவேண்டும். அது பாக்கி விழுந்துகொண்டே போக, பள்ளிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரி 9-இல் சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டது: ஒரு கிலோமீட்டருக்குள் சர்க்கார் பள்ளியோ மானியப் பள்ளியோ இருந்தால், அங்குள்ள தனியார் பள்ளிக்கு இந்தக் கடமை இல்லை. ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒரு கிலோமீட்டருக்குள் ஏதாவதொரு ஜில்லா பரிஷத் பள்ளி இருக்கும். ஆகவே தூரத்தை அளந்ததில் சட்டமே காணாமற்போயிற்று. பள்ளி தேட விண்ணப்பப் பக்கத்தைத் திறந்த பெற்றோருக்கு, முன்பு இருந்த தனியார் பள்ளிகளின் பெயர்களுக்குப் பதிலாக சர்க்கார் பள்ளிகளின் பெயர்களே வந்து நின்றன. மே 6-இல் மும்பாய் ஹைகோர்ட் அறிவிக்கையை நிறுத்திவைத்தது, ஜூலை 19-இல் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது, மேல்முறையீடும் நிற்கவில்லை. இங்கே சர்க்காருக்குச் செலவு மிச்சம், தனியாருக்குத் தொல்லை மிச்சம். இழக்கவிருந்தது ஏழைப் பிள்ளை ஒன்றுதான். அரசியலும் தனி லாபமும் சேர்ந்து செய்யும் சீர்திருத்தத்துக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் கிடைப்பது அரிது.

இதனால் தனியார் பணமே பொதுப்பள்ளியைத் தீண்டக்கூடாது என்று சொல்லவரவில்லை. காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், கல்வித்துறையின் தலைமையில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நம் முதியவர்கள் அறிவார்கள். ஊரார் மேஜையும் மணியும் கரும்பலகையும் நிலமும் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயரை மேடையில் வாசித்து நன்றி சொன்னார்கள். பள்ளி மட்டும் ஊருடையதாகவே இருந்தது. புனே ஜில்லாவிலும் இத்தகைய காட்சி இல்லாமற் போகவில்லை. சிரூர் தாலுகாவின் வாப்ளேவாடியில் குடியானவர்கள் நிலம் கொடுக்க, வெளியார் பொருள் உதவ, ஒரு ஜில்லா பரிஷத் பள்ளி இடம் கிடைக்கப் பெற்றோர் காத்திருக்கும் பள்ளியாயிற்று. பின்னர் புகார்களும் உள்ளூர்ச் சச்சரவும் எழுந்து தலைமையாசிரியர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவரே பிறகு கேட் தாலுகாவின் ஜாலிந்தர்நகரில், விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே எஞ்சியிருந்த மற்றொரு ஜில்லா பரிஷத் பள்ளியை எடுத்து நிமிர்த்தினார். 2025-இல் அது உலகப் பள்ளிகளுக்கான பரிசுகளில் ஒன்றைப் பெற்றது. மூடவேண்டிய பள்ளி என்று பட்டியலில் ஏறியிருக்கக்கூடிய ஒன்று உலகின் கண்ணுக்குத் தெரிந்தது, அதை யாரும் விலைக்கு வாங்கியதால் அன்று. உபாத்தியாயரும் ஊரும் அதைத் தம்முடையதென்று எண்ணியதால்.

ஆகவே பார்க்கவேண்டியது பணம் வருகிறதா என்பதையன்று, அது எந்தப் பக்கம் போகிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்பதை. லக்ஷ்மிபாயின் நகையும் கம்பெனியின் கோடியும் தனியார் பணமே. ஒன்று பள்ளிக்குள் போய் அங்கேயே தங்கியது, மற்றது பெயரையோ இடத்தையோ விலையாகக் கேட்டது. 1890-இல் எழுபத்தைந்து ரூபாய்க்கு மேல் ஈட்டுவது தகுமா என்று பிரிந்துபோனவர்களின் நகரத்தில், அந்தக் கேள்வியையே கேட்க ஆளில்லாமற் போனது கால மாறுதல் அன்று, பொறுப்புத் தவறுதல்.

சட்டம் ஓர் ஆயுதத்தைப் பெற்றோர் கையில் கொடுத்திருக்கிறது: ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் மானியப் பள்ளிக்கும் நிர்வாகக் குழு இருக்கவேண்டும், அதில் முக்கால்வாசிப்பேர் பெற்றோராயிருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாயிருக்கவேண்டும். மானியம் பெறாத தனியார் பள்ளிக்கு இந்த விதி கிடையாது. ஹிஞ்சேவாடியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த மானியம் பெறாத தனியார் பள்ளிகளிலேயே கட்டணம் செலுத்துகின்றன. அது அவரவர் விருப்பம். ஆனால் அவர்கள் உழைக்கும் கம்பெனி அடுத்த தெருவிலுள்ள ஜில்லா பரிஷத் பள்ளிக்கு ஏதேனும் கொடுக்கிறதா, கொடுத்ததற்கு ஈடாக என்ன வாங்கிக்கொள்கிறது என்று வருஷத்துக்கு ஒரு முறையேனும் விசாரிக்கட்டும். அங்கே படிப்பது தங்கள் பிள்ளையாக இல்லாவிட்டாலும், அங்கே செலவாவது தங்கள் வரிப்பணமும்தான்.